ராஜன் வழக்கு

ராஜன் வழக்கு என்பது, கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் பி. ராஜன் 1976 மார்ச் 1 அன்று காவல்துறையினரால் அழைத்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனதையும், அவருடைய தந்தை டி. வி. ஈச்சரவாரியர் நடத்திய தேடலையும், அதன் முடிவில் கேரள உயர் நீதிமன்றம் 1977 ஏப்ரல் 13 அன்று வழங்கிய ஆட்கொணர்வுத் தீர்ப்பையும் குறிக்கும். இத்தீர்ப்பை அடுத்து, பதவியேற்று ஒரு மாதமே ஆகியிருந்த கேரள முதலமைச்சர் கே. கருணாகரன் பதவி விலகினார். ராஜனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்திய சட்டக் கல்லூரிகளில் ஆட்கொணர்வு மனு பற்றிய பாடத்தில் இவ்வழக்கு தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் இதை வெறும் சட்ட முன்னுதாரணமாக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். மகன் எங்கே என்ற ஒரே கேள்வியை ஒரு கல்லூரி ஆசிரியர் ஓராண்டு காலம் காவல் நிலையம், அமைச்சர் இல்லம், நாடாளுமன்ற உறுப்பினர்கள், குடியரசுத் தலைவர் மாளிகை என்று கேட்டுக்கொண்டே போனார் என்பதும், எங்கிருந்தும் நேரான விடை வரவில்லை என்பதும்தான் இதன் மையம்.

பின்னணி

1975 சூன் 25 இரவு இந்தியாவில் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது. 1977 மார்ச் 21 வரை அது நீடித்தது. தமிழ்நாட்டில் 1976 சனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. கேரளத்தில் நிலைமை வேறு. அங்கே இந்தியப் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த சி. அச்சுத மேனன் தலைமையில் காங்கிரசும் பங்கேற்ற கூட்டணி அரசு தொடர்ந்து இயங்கியது. உள்துறை காங்கிரசின் கருணாகரனிடம் இருந்தது.

1976 பிப்ரவரி 28 அன்று கோழிக்கோடு மாவட்டத்தின் காயண்ணா காவல் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கினர். அதையடுத்து மாநிலக் குற்றப்பிரிவு அப்பகுதியில் பெரும் தேடுதல் வேட்டையில் இறங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் குற்றியாடி நீர்மின் திட்டத்தை ஒட்டிய கக்கயம் என்ற ஊரில், மின்வாரியக் கட்டடங்களில், ஒரு விசாரணை முகாம் அமைக்கப்பட்டது. குற்றப்பிரிவின் காவல்துறைத் துணைத் தலைவர் ஜெயராம் படிக்கல் அதற்குப் பொறுப்பாக இருந்தார். அது காவல் நிலையம் அன்று, சிறையும் அன்று. அங்கே கொண்டுவரப்பட்டவர்களின் பெயர்கள் முறையான எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இந்த ஒரு விவரத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் இதுவே வேர்.

கைது

ராஜன் பாடகர், கல்லூரிக் கலை நிகழ்ச்சிகளில் முன்னணியில் இருந்தவர். காயண்ணாத் தாக்குதல் நடந்த நாளில் அவர் பரூக் கல்லூரியில் நடந்த பல்கலைக்கழக இளைஞர் கலைவிழாவுக்குச் சென்றிருந்தார் என்று அவர் தரப்பு கூறியது. விழா முடிந்து 1976 மார்ச் 1 விடியற்காலையில் சக மாணவர்களுடன் சாத்தமங்கலத்தில் உள்ள கல்லூரி விடுதிக்குத் திரும்பியபோது, காத்திருந்த காவலர்கள் அவரைப் பிடித்து வண்டியில் ஏற்றினர். இன்னொரு மாணவரும் அன்று பிடிக்கப்பட்டார். விடுதியில் இருந்த பலர் இதை நேரில் பார்த்தனர்.

கல்லூரி முதல்வர் பேராசிரியர் கே. பகாவுதீன் அன்றே ராஜனின் தந்தைக்குப் பதிவு அஞ்சலில் தகவல் அனுப்பினார். தன் மாணவரைக் காவல்துறை அழைத்துச் சென்றதைப் பெற்றோருக்குத் தெரிவிப்பது ஒரு முதல்வரின் சாதாரணக் கடமை என்று இன்று தோன்றலாம். அவசரநிலையின் நடுவில், அரசுக்கு எதிராகப் பின்னால் சான்றாகக்கூடிய ஒன்றைத் தேதியிட்டு எழுத்தில் அனுப்புவதற்கு நெஞ்சுரம் வேண்டியிருந்தது. ஓராண்டுக்குப் பிறகு, கைது நடக்கவேயில்லை என்று அரசு சொன்னபோது, தந்தையின் கையில் இருந்த வலுவான எழுத்துச் சான்று அந்தக் கடிதம்தான்.

கக்கயத்தில் நடந்தவை, அங்கே அடைபட்டு உயிரோடு திரும்பியவர்களின் வாக்குமூலங்கள் வழியாகவே வெளியுலகுக்குத் தெரியவந்தன. 'உருட்டல்' என்ற சித்திரவதை முறையை அவர்கள் விவரித்தனர். பிடிபட்டவரை விசுப்பலகையில் படுக்கவைத்துக் கட்டி, தொடைகளின் மேல் கனமான உலக்கையை வைத்து இருபுறமும் அழுத்தி உருட்டுவது அது. தசை எலும்பிலிருந்து கழன்றுவிடும் என்று அதை அனுபவித்தவர்கள் கூறியுள்ளனர்.

ஓராண்டுத் தேடல்

ஈச்சரவாரியர் இந்திப் பேராசிரியர். கடிதம் கிடைத்ததும் கோழிக்கோடு வந்து, கல்லூரியில் விசாரித்து, காவல் நிலையங்களுக்கு அலைந்தார். கக்கயம் முகாமின் வாசல்வரை போனார். உள்ளே விடவில்லை. பிறகு அவர் செய்ததெல்லாம், அன்றைய இந்தியாவில் ஒரு நடுத்தரக் குடும்பத்துத் தந்தை என்னென்ன செய்ய முடியுமோ அவை அனைத்தும்: உள்துறை அமைச்சர் கருணாகரனை நேரில் சந்தித்தார், முதலமைச்சர் அச்சுத மேனனைப் பார்த்தார், மாநில உள்துறைச் செயலாளருக்கும் ஒன்றிய அரசுக்கும் குடியரசுத் தலைவருக்கும் மனுக்கள் எழுதினார், நாடாளுமன்ற உறுப்பினர்களின் உதவியை நாடினார்.

கருணாகரன் தம்மிடம், ராஜன் ஏதோ ஒரு தீவிரமான வழக்கில் சம்பந்தப்பட்டிருப்பதாகவே கூறினார் என்று ஈச்சரவாரியர் பின்னர் நீதிமன்றத்தில் தெரிவித்தார். கருணாகரன் அதை மறுத்தார். முதலமைச்சர், உள்துறை தம் கையில் இல்லை என்ற பாங்கிலேயே நடந்துகொண்டார் என்பது தந்தையின் மனக்குறை. வீட்டிலோ வேறொரு சுமை. மனநலம் குன்றியிருந்த தம் மனைவியிடம் மகனுக்கு நேர்ந்ததைச் சொல்ல இயலாமல், அவன் வருவான் என்று சொல்லிச் சொல்லியே நாட்களைக் கடத்தியதாக அவர் பின்னாளில் எழுதினார்.

இத்தனைக்கும் நடுவே அவர் ஏன் நீதிமன்றம் போகவில்லை என்ற கேள்வி எழும். போக வழி இல்லை என்பதே விடை. அடிப்படை உரிமைகளைச் செயற்படுத்தக் கோரி நீதிமன்றத்தை அணுகும் உரிமை குடியரசுத் தலைவரின் ஆணையால் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் பல உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுக்களை ஏற்றன. ஆனால் 1976 ஏப்ரல் 28 அன்று, ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நடுவர் எதிர் சிவகாந்த் சுக்லா வழக்கில், உச்ச நீதிமன்றம் 4–1 என்ற பெரும்பான்மையில் அந்தக் கதவையும் அடைத்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே. ராஜன் காணாமற்போய் அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. (அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே 2017 இல், அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் அறிவித்தது. நாற்பத்தோரு ஆண்டுகள் ஆயின.)

ஆட்கொணர்வு மனு

1977 மார்ச்சில் நடந்த தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். கேரளத்தில் மட்டும் காற்று எதிர்த்திசையில் வீசியது. காங்கிரசு இடம்பெற்ற கூட்டணி 140 இடங்களில் 111 ஐ வென்றது. மார்ச் 25 அன்று கருணாகரன் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அதே நாளில் ஈச்சரவாரியரின் ஆட்கொணர்வு மனு எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்தில் தாக்கலானது. அவசரநிலை விலக்கப்பட்டு நான்கு நாட்களே ஆகியிருந்தன.

ஆட்கொணர்வு மனு என்பது, சட்டவிரோதமாக ஒருவரைப் பிடித்துவைத்திருப்பவர் அவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று ஆணையிடக் கோருவது. உயர் நீதிமன்றத்துக்கு அரசமைப்பின் 226 ஆவது உறுப்பும், உச்ச நீதிமன்றத்துக்கு 32 ஆவது உறுப்பும் இந்த அதிகாரத்தைத் தருகின்றன. இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 'அவர் எங்கள் காவலில் இல்லை' என்று காவல்துறை ஒரு உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தால், பெரும்பாலும் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். இல்லாத ஒருவரைக் கொண்டுவரும்படி நீதிமன்றம் எப்படி ஆணையிட முடியும்?

ராஜன் வழக்கிலும் அரசு அதையே செய்தது. ராஜன் கைது செய்யப்படவே இல்லை, எந்தக் காவலிலும் இருந்ததில்லை என்று காவல்துறை அதிகாரிகளும், எதிர்மனுதாரர்களில் ஒருவராகச் சேர்க்கப்பட்டிருந்த கருணாகரனும் மறுத்தனர். தேர்தல் பரப்புரைக் கூட்டங்களில் ராஜன் ஒரு கொலை வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்று கருணாகரன் பேசியதாக மனுவில் சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. அதையும் அவர் ஏற்கவில்லை.

நீதிபதிகள் பி. சுப்பிரமணியன் போற்றி, வி. காலித் ஆகியோர் அடங்கிய அமர்வு, பத்திரத்துக்குப் பத்திரம் என்று வைத்துக்கொண்டு மனுவைத் தள்ளிவிடவில்லை. சாட்சிகளை நேரில் வரவழைத்து விசாரித்தது. முதல்வர் பகாவுதீன் சாட்சி சொன்னார். விடுதி மாணவர்கள் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். கக்கயம் முகாமில் அடைபட்டிருந்தவர்கள், அங்கே ராஜனைப் பார்த்ததைக் கூறினார்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இத்தனை பேர் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டிய காரணம் எதுவும் அரசால் காட்டப்படவில்லை.

மனு தாக்கலான பத்தொன்பதாம் நாள், ஏப்ரல் 13 அன்று, தீர்ப்பு வந்தது. ராஜன் மார்ச் 1 அன்று கல்லூரி விடுதியிலிருந்து காவல்துறையால் பிடிக்கப்பட்டார், கக்கயம் முகாமில் வைக்கப்பட்டிருந்தார் என்ற முடிவுக்கு நீதிமன்றம் வந்தது. ஏப்ரல் 21 அன்று அவரை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும், இயலாவிட்டால் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

இத்தீர்ப்பின் சட்ட மதிப்பு இந்த இடத்தில்தான் உள்ளது. காவலில் இல்லை என்ற மறுப்பு வழக்கின் முடிவாகாது, அது விசாரிக்கப்பட வேண்டிய ஒரு கூற்று மட்டுமே என்று அமர்வு நடந்துகொண்டது. அவசரநிலைக் காலக் காவல்துறையின் சொல்லைச் சாதாரணக் குடிமக்களின் சொல்லோடு ஒரே தராசில் வைத்து எடைபோட்டதே அன்று பெரிய செய்தி.

ராஜனை நிறுத்த முடியவில்லை. அவர் பிடிபட்டதற்கு மறுநாள், 1976 மார்ச் 2 அன்றே, கக்கயத்தில் சித்திரவதையால் இறந்துவிட்டார் என்பது அதன்பின் நடந்த விசாரணையில் தெரியவந்தது. தந்தை எழுதிய மனுக்கள், ஏறி இறங்கிய படிகள் எல்லாமே மகன் இறந்தபின் நடந்தவை. மனுக்களைப் பெற்றுக்கொண்டவர்களில் எத்தனை பேருக்கு அது அப்போதே தெரிந்திருந்தது என்ற கேள்வியை ஈச்சரவாரியர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பதவி விலகலும் பொய்ச்சான்று வழக்கும்

1977 ஏப்ரல் 25 அன்று கருணாகரன் பதவி விலகினார். ஏ. கே. ஆண்டனி முதலமைச்சரானார். 111 உறுப்பினர்களின் ஆதரவு இருந்த ஓர் அரசின் தலைவரை ஒரு ஓய்வறியாத தந்தையின் மனு வீழ்த்தியது என்று பத்திரிகைகள் எழுதின. கருணாகரனின் அரசியல் வாழ்வு அதோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1981 முதல் 1995 வரையான காலத்தில் அவர் மீண்டும் பலமுறை முதலமைச்சரானார், ஒன்றிய அமைச்சராகவும் இருந்தார்.

நீதிமன்றத்தில் பொய்யான உறுதிமொழி அளித்ததற்காக அவர்மீதும் அதிகாரிகள்மீதும் நடவடிக்கை எடுக்க உயர் நீதிமன்றம் முடிவுசெய்தது. அதை எதிர்த்துக் கருணாகரன் உச்ச நீதிமன்றம் சென்றார். அங்கே அவருக்குச் சாதகமான தீர்ப்பு கிடைக்கவில்லை. ஆயினும் பின்னர் அவர் அவ்வழக்கிலிருந்து விடுபட்டார்.

கோயம்புத்தூர் விசாரணை

தமிழ்நாட்டு வாசகர்கள் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி, இவ்வழக்கின் குற்றவியல் விசாரணை நடந்த இடம் கோயம்புத்தூர் என்பது. வழக்கு கேரளத்துக்கு வெளியே மாற்றப்பட்டது. ஜெயராம் படிக்கல் உள்ளிட்ட காவல்துறையினர் கோவை நீதிமன்றத்தில் நின்றனர். முதலில் சிலருக்குக் குறைந்த காலத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அவர்களும் விடுதலையாயினர். ராஜனைக் கொன்றதற்காக இறுதியில் ஒருவரும் தண்டனை அனுபவிக்கவில்லை.

ஒரு நீதிமன்றம் நடந்தது என்று உறுதிசெய்ததை இன்னொரு நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாமற்போனது எப்படி என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆட்கொணர்வு வழக்கில் கேள்வி, ஆள் அரசின் காவலில் இருந்தாரா என்பது. சூழ்நிலைகளின் மொத்த எடையைப் பார்த்து நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். குற்ற வழக்கில் இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னார் செய்த இன்ன செயலால் மரணம் நேர்ந்தது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும். உடல் இல்லை என்றால் உடற்கூறாய்வு இல்லை. உடற்கூறாய்வு இல்லை என்றால் மரணத்தின் காரணம் எது என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. கொலை வழக்கில் உடல் கிடைத்தே ஆக வேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்லவில்லை. ராமானந்த் எதிர் இமாச்சலப் பிரதேச அரசு வழக்கில் (1981) உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியுள்ளது. ஆனால் நடைமுறையில் உடலை மறைத்தவர், சான்றில் பாதியை மறைத்தவராகிறார். ராஜனின் உடல் எரிக்கப்பட்டது என்றும் வேறு விதமாகவும் பலர் பலவாறு கூறியுள்ளனர். எதுவும் உறுதிப்படவில்லை.

ஈச்சரவாரியர் தனியே இழப்பீட்டு வழக்கும் தொடர்ந்தார். நெடுங்காலத்துக்குப் பின் கிடைத்த தொகையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை, மருத்துவமனை உள்ளிட்ட பொதுக்காரியங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

வேறு இடங்களில்

1982 மார்ச்சில் மணிப்பூரின் ஊயினிங் என்ற சிற்றூரைச் சேர்ந்த இருவரைப் படையினர் முகாமுக்கு அழைத்துச் சென்றனர். அவர்கள் திரும்பவில்லை. செபஸ்தியன் ஹோங்ரே வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களைக் கொண்டுவர ஆணையிட்டது. அரசால் முடியவில்லை. 1984 இல் அவர்கள் உயிரோடு இல்லை என்ற முடிவுக்கு வந்த நீதிமன்றம், இருவரின் மனைவியருக்கும் தலா 1 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. ஆட்கொணர்வு மனுவில் ஆள் வராவிட்டாலும் குடும்பத்துக்கு ஏதேனும் ஒரு தீர்வு தரலாம் என்ற வழி அங்கே திறந்தது. காவலில் நேரும் மரணத்துக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்பதை நீலாவதி பெகரா வழக்கு (1993) நிலைநிறுத்தியது. கைது செய்யும்போது நேரம் குறித்த பதிவு, சாட்சிக் கையொப்பம், உறவினருக்குத் தகவல் ஆகியவை கட்டாயம் என்று டி. கே. பாசு வழக்கு (1996) விதித்தது. கக்கயம் முகாமில் இல்லாமற்போன பதிவேட்டை நினைத்துக்கொண்டு இந்த விதிகளைப் படித்தால், ஒவ்வொன்றும் எதற்காக என்று விளங்கும்.

கேரளத் தீர்ப்பு வந்த அதே மாதத்தில், 1977 ஏப்ரல் 30 அன்று, அர்ச்சென்டினாவின் புவெனசு ஐரெசு நகரில், இராணுவ ஆட்சியில் காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய தாய்மார் சிலர் மே சதுக்கத்தில் முதன்முறையாகக் கூடினர். இரு நிகழ்வுகளுக்கும் தொடர்பில்லை. ஒரே காலத்தில் உலகின் இரு மூலைகளில் ஒரே கேள்வி எழுந்தது, அவ்வளவே.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது இலங்கையின் நிலை. போரின் இறுதியில் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள், அதற்கு முன்னும் பின்னும் கடத்தப்பட்டவர்கள் எங்கே என்று கேட்டு, 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் உறவினர்கள் தொடங்கிய தொடர் போராட்டம் வவுனியா, முல்லைத்தீவு முதலிய இடங்களுக்கும் பரவிப் பல ஆண்டுகள் நீண்டது. விடை தெரியாமலே பல பெற்றோர் இறந்துவிட்டனர். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் நிறைவேறியது. இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழ் வழங்கவும் அங்கே சட்டம் உண்டு. சொத்து, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை போன்றவற்றுக்கு ஒரு தாள் தேவைப்படுகிறது, ஆனால் மரணச் சான்றிதழில் கையெழுத்திட மனம் ஒப்பவில்லை என்ற இக்கட்டிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. இந்தியாவில் இத்தகைய சான்றிதழ் இல்லை.

வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கை 2006 திசம்பரில் ஐ.நா. பொது அவையில் ஏற்கப்பட்டது. இந்தியா 2007 பிப்ரவரியில் கையொப்பமிட்டது, ஏற்புறுதி செய்யவில்லை.

இன்று ஒரு குடும்பம் என்ன செய்யலாம்

காணாமற்போகும் எல்லோரையும் காவல்துறை கொண்டுபோவதில்லை. பெரும்பாலான நிகழ்வுகளில் யார் காரணம் என்பதே தெரியாது. மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில் ஒருவர் காணாமற்போகிறார் என்று கொள்வோம். குடும்பத்தார் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் தருவர். தமிழ்நாட்டில் இத்தகைய புகார்கள் 'ஆண் காணவில்லை', 'பெண் காணவில்லை' என்ற தலைப்பில் முதல் தகவல் அறிக்கையாகப் பதிவாகின்றன. கடத்தலோ கொலையோ பின்னர் தெரியவந்தால் சட்டப்பிரிவு மாற்றப்படும். மனு ஏற்பு ரசீதோடு (சி.எஸ்.ஆர்.) நிறுத்திக்கொள்ளாமல் முதல் தகவல் அறிக்கையின் படியைக் கேட்டு வாங்குவது முக்கியம். எந்த நிலையத்திலும் புகார் தரலாம், எல்லை காரணம் சொல்லி மறுக்கக் கூடாது. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம், அதன்பின் நீதித்துறை நடுவரை அணுகலாம். காணாமற்போனவர் குழந்தையாக இருந்தால், முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டுள்ளது.

அடையாளம் தெரியாத உடல்கள் பற்றிய பதிவுகளோடு காணாமற்போனோர் பட்டியலை ஒப்பிடுவது விசாரணையின் சலிப்பூட்டும் பகுதி. பல பழைய வழக்குகள் துலங்குவதும் துலங்காமற்போவதும் அதைப் பொறுத்தே. வேறு மாவட்டத்தில் கிடைத்த உடல் யாருடையது என்று தெரியாமலே அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம். அதனால் உயரம், மச்சம், பல் சிகிச்சை, எலும்பு முறிவு, கடைசியாக அணிந்திருந்த உடை ஆகியவற்றைப் புகாரிலேயே எழுதிவைப்பது நல்லது. பத்தாண்டு கழித்துக் குடும்பத்தாருக்கே இவை மறந்துபோகும்.

சட்டவிரோதக் காவல் என்ற ஐயம் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். தென்மாவட்ட மக்கள் முன்பு இதற்காகச் சென்னைக்கு இரவுப் பேருந்து ஏற வேண்டியிருந்தது. 2004 சூலை 24 அன்று மதுரைக் கிளை தொடங்கப்பட்ட பின், பேரையூர்க்காரர் காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பலாம். ஆனால் ஒருவர் காணவில்லை என்பது மட்டுமே ஆட்கொணர்வு மனுவுக்குப் போதாது, யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஏதேனும் அடிப்படை காட்ட வேண்டும் என்று நீதிமன்றங்கள் வலியுறுத்துகின்றன. மற்றபடி விசாரணை சரியில்லை என்பதே குறை என்றால், வழக்கை வேறு பிரிவுக்கு மாற்றக் கோரும் மனுவே உரிய வழி.

ஆண்டுகள் கடந்தபின் குடும்பங்கள் சந்திப்பது ஏழாண்டு விதி. ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாக அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள், ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவர்மேல் விழும். பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108 ஆவது பிரிவு இது. இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 111 ஆவது பிரிவாக உள்ளது. ஏழாண்டு முடிந்த மறுநாள் தானாக மரணச் சான்றிதழ் வந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்குத் தொடர்ந்து தீர்ப்புப் பெற்ற பின்னரே சான்றிதழ் கிடைக்கும். மேலும், இறந்தார் என்று மட்டுமே சட்டம் அனுமானிக்கும், எந்த நாளில் இறந்தார் என்பதை அனுமானிக்காது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் எதிர் அனுராதா வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. ஆள் வருவார் என்று நம்பியிருந்த ஆண்டுகளில் காப்பீட்டுத் தவணையைக் கட்டாமல் விட்ட குடும்பங்களுக்கு இது பேரிடி. தவணை நின்றதற்கு முன்பே இறந்தார் என்று காட்ட வேறு சான்று வேண்டும். காணவில்லை என்றாலும் தவணையை நிறுத்த வேண்டாம் என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதனால்தான். ஒன்றிய அரசு ஊழியர் காணாமற்போனால், புகார் பதிந்து ஆறு மாதங்களுக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் கோரலாம், ஏழாண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

நூலும் திரைப்படமும்

ஈச்சரவாரியர் தம் நினைவுகளை 'ஒரு அச்சன்றெ ஓர்ம்மக்குறிப்புகள்' என்ற நூலாக மலையாளத்தில் எழுதினார். அது கேரள சாகித்திய அகாதமி விருது பெற்றது. தமிழிலும் வந்துள்ளது. சட்டத் தீர்ப்பைப் படிக்கும் மாணவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தீர்ப்பில் ஒரு மனுதாரராக மட்டும் வருகிறவர், இதில் ஒரு வீட்டின் தலைவராக வருகிறார்.

சாஜி என். கருண் இயக்கிய 'பிறவி' (1989) இச்சம்பவத்தின் தாக்கத்தில் உருவான திரைப்படம். கல்லூரியிலிருந்து வரவேண்டிய மகனுக்காக நாள்தோறும் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் முதிய தந்தையாக நடித்த பிரேம்ஜிக்கு தேசிய விருது கிடைத்தது. கான் திரைப்பட விழாவிலும் படம் சிறப்புக் குறிப்பைப் பெற்றது. ராஜன் படித்த கல்லூரி இன்று தேசிய தொழில்நுட்பக் கழகம். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் 'ராகம்' கலைவிழா அவர் நினைவைத் தாங்கியது.

ஈச்சரவாரியர் 2006 ஏப்ரலில் காலமானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2010 அக்டோபரில், ராஜன் வழக்கின்போது கோழிக்கோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த கே. லட்சுமணாவுக்குக் கொச்சி சி.பி.ஐ. நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அது ராஜனுக்காக அன்று. 1970 பிப்ரவரியில் வயநாட்டில் நக்சலைட் தலைவர் ஏ. வர்கீசு பிடிக்கப்பட்ட பின் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில். மேலதிகாரியின் ஆணைப்படி தாமே சுட்டதாக ராமச்சந்திரன் நாயர் என்ற காவலர் 1998 இல் வெளிப்படையாகச் சொன்னதால் அவ்வழக்கு உயிர்பெற்றிருந்தது.